வெளிச்சம் நமக்கு, புகை அடுத்த வீட்டுக்கு



"இது யாரையும் புண்படுத்துவதற்கான பதிவல்ல" என்று தொடங்குவது நமது வழக்கம். இம்முறை அப்படித் தொடங்க முடியவில்லை. சிலருக்குப் புண்படும். அதற்காக எழுதாமல் விடவும் முடியவில்லை. நீளமான பதிவுதான். முழுவதும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

டித்வா புயலுக்குப் பிறகு ஊரில் எங்கே போனாலும் ஒரே கதை. கல்யாண வீட்டில், கடைத் தெருவில், பள்ளிவாசல் ஹவ்ளடியில், ஆசிரியர் ஓய்வறையில், எங்கும் இதுதான். "வீடு முழுக்க ஓடக்கூடிய ஜெனரேட்டர் ஒண்டு போடப் போறம். எத்தனை கேவிஏ எடுக்கலாம்?" முன்பெல்லாம் ஒரு பல்பும் ஒரு ஃபேனும் ஓடினால் போதும் என்று கேட்டவர்கள், இப்போது ஏசி, மோட்டர், கீஸர், அயன் எல்லாம் ஓட வேண்டும் என்கிறார்கள். கரண்ட் போன பத்து விநாடிக்குள் தானாகவே மிசின் ஸ்டார்ட் ஆக வேண்டுமாம்.

சில கிழமைக்கு முன்னர் ஓர் இரவு கரண்ட் போனது. அடுத்த நாள் காலை, முதலாம் பாடத்தில் ஒரு பிள்ளை மேசையில் தலை வைத்துப் படுத்திருந்தது. நன்றாகப் படிக்கிற பிள்ளை.

"என்ன புள்ள, ரா நித்திர கொள்ளல்லியா?"

"இல்ல சேர். பக்கத்து ஊட்டு மிசின் விடிய விடிய ஓடின. ஜன்னலத் தொறந்தா பொக, பூட்டினா வெக்க. தல இடிக்கிது."

"படிச்சியா?"

"அவங்கட கேற் லைட் வெளிச்சம் எங்கட வாசலுக்கு வரும் சேர். கொப்பியக் கொண்டு போய் இருந்தன். சத்தத்துல ஒண்டும் மண்டைக்குள்ள போகல்ல."

இந்தப் பதிவு அந்தப் பிள்ளைக்காக எழுதப்படுகிறது. அந்த ஜெனரேட்டர் வீட்டுக்காரர் கெட்ட மனிதர் அல்ல. ஸதகா கொடுப்பவர். பாடசாலைக்குக் கேட்டால் இல்லை என்று சொல்லாதவர். அவர் கெட்டவராக இருந்தால் இதை எழுதவே தேவையில்லை. நல்லவர்களே யோசிக்காமல் செய்யும் ஒரு வேலையாக இது ஆகிவிட்டதுதான் பிரச்சினை.

முதலில் நியாயத்தைச் சொல்லிவிடுவோம். ஜெனரேட்டர் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2022 மார்ச் 31ஆம் திகதி நாள் ஒன்றுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் கிடந்தவர்கள் நாம். அந்த வருடத்து நோன்பும் மின்வெட்டோடுதான் வந்தது. ஸஹருக்கு டோர்ச் வெளிச்சத்தில் சோறு ஆக்கியதை நமது உம்மாமார் இன்னும் மறக்கவில்லை. 2025 பெப்ரவரி 9ஆம் திகதி பாணந்துறை உபமின்நிலையத்துக்குள் ஒரு குரங்கு பாய்ந்ததில் முழு நாடும் இருண்டது. இப்படியான ஒரு நாட்டில் மாற்று ஏற்பாடு தேடுவது புத்திசாலித்தனம்தான். வீட்டில் ஒட்சிசன் மிசினில் படுத்திருக்கும் நோயாளி இருந்தால் அது கடமை. ஐஸ் வாடி வைத்திருப்பவருக்கும், டிஸ்பென்சரி நடத்துபவருக்கும் அது தொழில். இவர்கள் யாரையும் பற்றி இங்கே பேசவில்லை.

பேசுவது ஏசி ஓடுவதற்காக வீடு முழுவதற்கும் ஜெனரேட்டர் போடுவதைப் பற்றி. அதுவும் நமது ஊரில்.

நமது ஊர் என்று ஏன் அழுத்திச் சொல்கிறோம்? காத்தான்குடியிலிருந்து சாய்ந்தமருது, அக்கரைப்பற்று வரை கிழக்குக் கரையோர முஸ்லிம் ஊர்கள் எப்படி இருக்கின்றன என்று எல்லோருக்கும் தெரியும். மகளுக்குச் சீதனமாக வீடு கொடுக்க வேண்டும் என்று வாப்பாவின் வளவைப் பிரித்தோம். பிரித்ததை மறுபடி பிரித்தோம். இன்று ஆறு பேர்ச் காணியில் இரண்டு மாடி நிற்கிறது. ஒரு வீட்டுச் சுவருக்கும் அடுத்த வீட்டுச் சுவருக்கும் இடையில் மூன்று அடி. சில இடங்களில் அதுவும் இல்லை, ஒரே மதில்தான். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் "யா அல்லாஹ்" என்கிறார்கள்.

ஜெனரேட்டரை வீட்டுக் கதவு ஜன்னல்களிலிருந்து குறைந்தது 20 அடியாவது, அதாவது ஆறு மீற்றர் தள்ளி, திறந்த வெளியில் வைக்க வேண்டும் என்பது உலகில் பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு விதி. புகைக்குழாய் யாருடைய ஜன்னலையும் பார்க்கக் கூடாது. இந்த விதியை எழுதியவர்கள் வீட்டைச் சுற்றித் தோட்டம் உள்ள நாடுகளை நினைத்து எழுதியிருப்பார்கள். நமது வளவில் ஆறு மீற்றர் தள்ளி வைத்தால் மிசின் அடுத்த வீட்டுக் குசினிக்குள் போய் நிற்கும். ஆகவே நாம் என்ன செய்கிறோம்? நமது படுக்கை அறைக்குத் தூரமான மூலையைத் தேடுகிறோம். நமக்குத் தூரமான அந்த மூலை அடுத்த வீட்டுக்காரரின் படுக்கை அறைக்குக் கிட்டத்தில் இருக்கிறது. குழாயை நமது பக்கம் வைக்க முடியாது என்று அவர் பக்கம் திருப்புகிறோம். சரியாகச் சொன்னால், நமது வெளிச்சத்துக்கான புகையை அவருடைய பிள்ளைகள் சுவாசிக்கிறார்கள்.

இது வெறும் கரைச்சல் மட்டுமல்ல, உயிர் ஆபத்து. விஞ்ஞானப் பாடத்தில் பிள்ளைகளுக்குப் படிப்பிப்பதை நாமே மறந்துவிடுகிறோம். எரிபொருள் முழுமையாக எரியாதபோது காபனோரொட்சைட்டு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. அது இரத்தத்தில் உள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமான வலுவோடு போய் ஒட்டிக்கொள்கிறது. முதலில் தலையிடி, பிறகு குமட்டல், பிறகு தூக்கம். தூக்கத்தில் இருப்பவர் எழும்பாமலே போய்விடலாம். கண்ணை எரிக்கும் டீசல் புகையையாவது பூட்டிய ஜன்னல் கொஞ்சம் தடுக்கும். இந்த வாயு கதவிடுக்கால் வரும். வருவது தெரியாது. டீசல் மிசினைவிட பெற்றோல் மிசினில் இது இன்னும் அதிகம். மழைக்கு நனையக் கூடாது என்று போர்ட்டிகோவுக்குள், படிக்கட்டுக்குக் கீழே, குசினிக்குப் பின்னால் ஓடையில் வைத்து ஓட்டுபவர்கள் தயவுசெய்து இந்தப் பந்தியை இன்னொரு முறை வாசியுங்கள். அந்தப் பிள்ளைக்குத் தலை இடித்தது நித்திரைக் குறைவால் மட்டும்தானா என்று நமக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

அடுத்தது இன்னும் மோசமான விடயம். ஊரில் சில வீடுகளில் ஜெனரேட்டரிலிருந்து ஒரு வயரை எடுத்து, இரண்டு பக்கமும் ஆண் பிளக் பூட்டி, சுவரில் உள்ள பிளக் பொயின்ற்றில் செருகுகிறார்கள். "மெயின் சுவிட்சை ஓஃப் பண்ணித்தானே போடுறம்" என்கிறார்கள். ஒரு நாள் மறந்தால்? ஒரு நாள் வீட்டில் இல்லாத நேரம் பிள்ளை செருகினால்? நமது வீட்டு 230 வோல்ற்று மீற்றர் வழியாக வெளியே போகும். தெருமுனையில் இருக்கும் ட்ரான்ஸ்போமருக்குப் போகும். வழமையாக 33,000 வோல்ற்றை நமக்காகக் குறைத்துத் தரும் அதே ட்ரான்ஸ்போமர், பின்பக்கமாக வருவதை மறுபடி 33,000க்கு ஏற்றிவிடும். மின்சார ஊழியர் லைன் செத்துவிட்டது என்று நம்பி மரக்கொப்பை அகற்றக் கம்பத்தில் ஏறுவார். புயல் நேரத்தில் மழைக்குள் நின்று நமக்குக் கரண்ட் தந்தவர்கள் அவர்கள். அவர்களில் நமது ஊர்ப் பிள்ளைகளும் இருக்கிறார்கள், நமது மாணவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் ஏசி ஓட வேண்டும் என்பதற்காக ஒருவரைக் கம்பத்தில் வைத்துக் கொல்லத் துணிகிறோம் என்று யாராவது நேரே சொன்னால் கோபம் வரும். ஆனால் அந்த வயரின் அர்த்தம் அதுதான்.

இதற்கு ஒரேயொரு மருந்து, சேஞ்ச் ஓவர் சுவிட்ச். ஒன்றில் லைன் கரண்ட், அல்லது ஜெனரேட்டர். இரண்டும் ஒரே நேரத்தில் சேர வழியே இருக்கக் கூடாது. லைவ், நியூற்றல் இரண்டையும் அது பிரிக்க வேண்டும். ஏர்த் ஒழுங்காகப் பதித்திருக்க வேண்டும். ஜெனரேட்டரின் நியூற்றல் ஏர்த்தோடு சரியாக இணைக்கப்படாவிட்டால், ஷொக் அடிக்கும்போது வீட்டில் உள்ள ட்ரிப் சுவிட்ச் விழாமலே இருக்கலாம். ட்ரிப் சுவிட்ச் இருக்கிறது என்ற நம்பிக்கையில் ஈரக் கையோடு மோட்டரைத் தொடுவோம். இது தெரிந்த, தகுதியான எலக்றீசியன் செய்ய வேண்டிய வேலை. "நம்மட பொடியன் ஒருத்தன் பூட்டித் தருவான்" என்கிற வேலை அல்ல.

இனிக் கணக்குக்கு வருவோம். ஆறு எல்இடி பல்பு, தலா 9 வாற்று. மூன்று ஃபேன், தலா 70 வாற்று அளவில். ரவுட்டர், போன் சார்ஜ். எல்லாம் சேர்த்து 300 வாற்று. ஃப்ரிட்ஜையும் சேர்த்தால் 450. ஒரு குடும்பம் மின்வெட்டில் மரியாதையாக இருக்கத் தேவையானது இவ்வளவுதான். 12 வோல்ற்று, 150 ஆம்பியர் மணி பெற்றரி ஒன்றும் ஓர் இன்வேர்ட்டரும் இருந்தால், பெற்றரியைப் பாதிக்கு மேல் இறக்காமலே பல்பும் ஃபேனும் மூன்று மணித்தியாலம் ஓடும். சத்தமில்லை, புகையில்லை, யாருடைய பதுவாவும் இல்லை.

பிறகு எதற்காக 10 கேவிஏ? ஏசிக்காக. ஒரு சாதாரண அறை ஏசிக்கு ஆயிரம் வாற்று அளவில் வேண்டும். ஸ்டார்ட் ஆகும்போது பழைய ஏசியும் தண்ணீர் மோட்டரும் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். அந்த ஒரு நொடிக்காகப் பெரிய மிசின் வாங்குகிறோம். வாங்கிய பிறகு, இரவு முழுக்க அந்தப் பெரிய மிசினை நாலு பல்புக்கும் இரண்டு ஃபேனுக்கும் ஓட்டுகிறோம். குறைந்த லோட்டில் தொடர்ந்து ஓடும் டீசல் எஞ்சினில் எரிபொருள் சரியாக எரியாமல் கரி படியும். அதனால் புகை இன்னும் கூடும், மிசினின் ஆயுளும் குறையும். நமது ஊரின் உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். அப்படியான மிசின் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் குடிக்கும். டீசல் லீற்றர் 280 ரூபா என்று வைத்தாலும் நாலு மணித்தியாலத்துக்கு 1,100 ரூபாவுக்கு மேல். அதில் நாம் பாவித்த கரண்ட் இரண்டு யூனிற்றும் இல்லை. இதற்குப் பெயர் வசதியா, வீண்விரயமா? வுழூச் செய்யும்போது தண்ணீரை வீணாக்காதே என்று பிள்ளைக்குச் சொல்லும் நாம்தான் இதையும் செய்கிறோம்.

"கூரையில் சோலார் இருக்கு, எங்களுக்குப் பிரச்சினையில்லை" என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெற்றரி இல்லாத ஒன்கிரிட் சோலார், கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். அது பழுது அல்ல, அப்படித்தான் வடிவமைத்திருக்கிறார்கள். மேலே சொன்ன அதே காரணம்தான், கம்பத்தில் நிற்கும் மனிதனின் உயிர். கம்பனிக்காரன் அந்த மனிதனை நினைத்திருக்கிறான். அண்டை வீட்டாரின் ஹக்கைப் பற்றி ஜும்ஆ தோறும் கேட்கும் நாம் நினைக்கவில்லை.

இன்னொன்று. ஜெனரேட்டர் இருந்தால் யாரையும் நம்பி இருக்கத் தேவையில்லை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. 2022ஐ நினைத்துப் பாருங்கள். கரண்ட் இல்லாத அதே நாட்களில் டீசலும் இருக்கவில்லை. ஷெட் வாசலில் நாள் கணக்கில் வரிசை. அதே வருடம் கியூஆர் வந்து கிழமைக்கு இவ்வளவுதான் என்று அளந்து தந்தார்கள். பெரிய வீட்டு மிசின்களும் தார்ப்பாய் போர்த்திச் சும்மா நின்றன. நாடு விழும்போது தனி வீடு நிமிர்ந்து நிற்காது என்று அல்லாஹ் நமக்கு ஒருமுறை காட்டிவிட்டான். அந்த நாட்களில் கிடைத்த ஒவ்வொரு லீற்றரும் வெட்டு மிசினுக்கும் போட்டுக்கும் போயிருக்க வேண்டியது. வயல்காரனோடும் மீன்காரனோடும் போட்டி போட்டு அதை வாங்கி அறையைக் குளிராக்க நமக்கு மனம் வருமா?

இதைவிட ஆழமான நட்டம் ஒன்று உண்டு. யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஊரில் சொல்வாக்கு உள்ள வீடுகள் ஒவ்வொன்றாக ஜெனரேட்டர் போட்ட பிறகு, கரண்ட் போனால் கேட்பதற்கு ஆளில்லை. முன்பு ஒரு ஹாஜியார் போன் எடுத்தால் மின்சார சபையில் அசைவு இருக்கும். ட்ரான்ஸ்போமர் லோட் தாங்குதில்லை, லைனில் தென்னை ஓலை முட்டுகிறது என்று நாலு பேர் சேர்ந்து போய்ப் பேசுவார்கள். இப்போது அந்த நாலு பேரின் வீட்டிலும் வெளிச்சம். தெரு இருட்டாக இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. மிச்சம் இருப்பது விதவை வீடும் கூலிக்காரன் வீடும். அவர்கள் போன் எடுத்தால் யார் கேட்பது?

ஆசிரியர்களாகிய நாம் இதில் சுத்தமானவர்கள் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2022இல் ஜெனரேட்டர் உள்ள வீடாகத் தேடித்தான் நம்மில் சிலர் இரவு ரியூஷன் எடுத்தோம். காசு கொடுக்கக்கூடிய பிள்ளை வெளிச்சத்தில் படித்தது. கொடுக்க முடியாத பிள்ளை மெழுகுதிரியில் படித்தது. இரண்டு பேருக்கும் ஒரே வினாத்தாளைக் கொடுத்துவிட்டு, பெறுபேறு வந்ததும் "அந்தப் புள்ள கெட்டித்தனமில்ல" என்றோம். அதற்கான பதிலை நாம்தான் மறுமையில் சொல்ல வேண்டும்.

இனி என்ன செய்யலாம்? குறை சொல்லிவிட்டுப் போவது இலகு. ஆகவே நமது கோரிக்கைகளையும் எழுதுகிறோம்.

ஒன்று. ஓர் ஏசி ஓடும் கரண்டைக் கணக்குப் பாருங்கள். பாடசாலை மண்டபத்தில் 18 வாற்று ரியூப் 12, ஃபேன் 8 போட்டால் 800 வாற்றைத் தாண்டாது. 60 பிள்ளைகள் இருந்து படிக்கலாம். ஒரு வீட்டில் இரண்டு பேர் குளிரில் தூங்கும் கரண்டில், 60 பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கலாம். இதைவிட நாம் வாதாட ஒன்றுமில்லை. வீட்டு ஜெனரேட்டருக்கு ஒதுக்கிய காசில் பாதியை மண்டபத்துக்குப் பெற்றரியோடு கூடிய சோலாராகத் தாருங்கள். உங்கள் வாப்பா உம்மாவின் பெயரில் ஸதகத்துல் ஜாரியாவாகத் தாருங்கள்.

இரண்டு. நமது பள்ளிவாசல்கள் பலவற்றில் ஏற்கனவே ஜெனரேட்டர் இருக்கிறது. வாங்குக்கும் தொழுகைக்கும் ஓடி, இஷாவோடு நிற்கிறது. மின்வெட்டு இரவுகளில் பத்து மணி வரை பள்ளியின் மேல்மாடியைப் படிக்கும் பிள்ளைகளுக்குத் திறந்து விடுங்கள். பெண் பிள்ளைகளுக்கு மத்ரஸா மண்டபத்தைத் திறக்கலாம். கண்காணிக்க ஆசிரியர்கள் முறை வைத்து வருவோம். இதை வாக்காகவே எழுதுகிறோம், பெயர்ப்பட்டியல் நாமே தருகிறோம்.

மூன்று. அங்கேயே ஒரு சிறிய ஃப்ரிட்ஜ் வையுங்கள், மஹல்லாவில் இன்சுலின் போடுபவர்களுக்காக. நெபுலைசர் பிடிக்க ஒரு பிளக் பொயின்ற், போன் சார்ஜ் பண்ண ஒரு பலகை. புயல் இரவில் யார் வீட்டில் நோயாளி இருக்கிறார் என்ற பட்டியல் நிர்வாகத்திடம் இருக்கட்டும்.

நான்கு. இதற்குப் பிறகும் வீட்டுக்கு ஜெனரேட்டர் வேண்டும் என்பவர்கள், வாங்குவதற்கு முதல் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுங்கள். எங்கே வைக்கப் போகிறோம், புகை எந்தப் பக்கம் போகும், அவர்களுடைய படுக்கை அறை எங்கே என்று கேளுங்கள். இடம் இல்லாவிட்டால் வாங்காதீர்கள், பெற்றரிக்குப் போங்கள். சேஞ்ச் ஓவர் இல்லாமல் ஒரு நாளும் ஓட்டாதீர்கள். இரவு பத்துக்குப் பிறகு நிறுத்துங்கள். பரீட்சைக் காலத்தில் அந்த மிசின் சத்தம் அடுத்த வீட்டுப் பிள்ளையின் பெறுபேறில் விழும் என்பதை நினையுங்கள். உங்கள் ஃப்ரிட்ஜில் அடுத்த வீட்டு மூத்தம்மாவின் இன்சுலினுக்கு ஒரு மூலை கொடுங்கள்.

"எங்கட காசு, எங்கட வளவு, நாங்க என்னமும் செய்வம்" என்று பின்னூட்டம் வரும் என்று தெரியும். காசு உங்களுடையது, வளவும் உங்களுடையது. காற்று உங்களுடையது அல்ல. மதிலைத் தாண்டிப் போகும் ஒவ்வொன்றிலும் அடுத்தவருக்கு ஹக்கு இருக்கிறது. கறி ஆக்கினால் மணம் போகும் என்பதற்காகவே அடுத்த வீட்டுக்கு ஒரு கோப்பை அனுப்பிய உம்மாக்கள் வளர்த்த ஊர் இது. நாம் அந்த வீட்டுக்குப் புகையை அனுப்புகிறோம். கறியும் அனுப்புவதில்லை.

வருகிற ஜும்ஆவுக்குப் பிறகு இந்த விடயத்தைப் பள்ளிவாசல் நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுக்க இருக்கிறோம். உடன்படுபவர்கள் வந்து கையெழுத்து வையுங்கள். உடன்படாதவர்களும் வாருங்கள், இருந்து கதைப்போம். அந்த கேற் லைட் வீட்டு ஹாஜியாரை நாமே நேரில் போய் அழைக்கிறோம். அவர் வருவார் என்ற நம்பிக்கை நமக்கு இருக்கிறது.

அல்லாஹ் நமது வீடுகளுக்கு வெளிச்சத்தைத் தரட்டும். அந்த வெளிச்சத்தால் பக்கத்து வீட்டுக்கு இருட்டு வராமலும் காக்கட்டும். ஆமீன்.

உங்கள் மஹல்லாவிலும் இதே கதைதான் என்றால் பகிருங்கள்.